சிப்பி வாயை மூடினால்...

வாயைத் திறந்து வைத்திருப்பதற்கென்றே வேலையில் அமர்த்தப்படுகிறவர்கள் உலகத்தில் இரண்டு வகை. ஒன்று, கட்சிப் பேச்சாளர்கள். இன்னொன்று, சிப்பிகள். முதல் வகை வாயை மூடினால் ஊருக்கு நிம்மதி. இரண்டாவது வகை வாயை மூடினால் ஊருக்கு ஆபத்து.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போலந்து நாட்டுத் தலைநகர் வார்சாவில், விஸ்டுலா நதிக்கு நடுவே ஒரு குடிநீர் நிலையம் இருக்கிறது. பெயர் 'குண்டு காஷ்கா'. (நம் ஊராக இருந்தால் கட்டாயம் ஒரு தலைவர் பெயர் கிடைத்திருக்கும்.) அங்கே 8 சிப்பிகள் உத்தியோகம் பார்க்கின்றன. ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். ஓடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சதா பார்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் சிப்பி தேமேயென்று திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். வேண்டாத சமாசாரம் எதுவும் கலந்து வந்தால், சட்டென்று மூடிக்கொள்ளும். ஒன்று மட்டும் மூடினால் தூக்கமோ, மனஸ்தாபமோ என்று விட்டுவிடலாம். பல சேர்ந்தாற்போல் மூடிக்கொண்டால் அலாரம். மூன்று மாத சர்வீஸ் முடிந்ததும் அவற்றைப் பழையபடி ஏரியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பஞ்சப்படி கேட்டு ஊர்வலம் கிடையாது.

(சிப்பிக்கு வாய் என்று நான் சொல்வது அதன் இரண்டு ஓடுகளுக்கு நடுவிலுள்ள திறப்பைத்தான். பயாலஜி வாத்தியார்கள் மன்னிக்க.)

இந்த வார்சா ஆசாமிகளுக்குக் கடலில், அதுவும் உலகத்தின் உச்சந்தலையில், தாயாதிகள் உண்டு. நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான்.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் என்று ஒரு தீவுக் கூட்டம். அதில் நீ-ஓலெசுண்ட் என்று ஒரு குக்கிராமம். அங்கே அக்டோபர் கடைசியில் விடைபெறும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். பஞ்சாங்கக்காரர்களுக்குப் பிழைப்பே இல்லாத ஊர். அந்தக் கிராமத்தை ஒட்டிய கோங்ஸ்பியோர்டன் என்ற நீண்ட கடற்கழியில், பிரான்சின் அர்க்காஷோன் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜான்-ஷார்ல் மஸபுவோவும் அவருடைய சகாக்களும், நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஐஸ்லாந்து ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பிகளின் இரண்டு ஓடுகளிலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான எலெக்ட்ரோடுகளை ஒட்டினார்கள். கடலுக்குள்ளேயே குடிவைத்தார்கள். இவை எப்போது திறக்கின்றன, எவ்வளவு திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்பதெல்லாம் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

2016-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அதிசயம். மாதக்கணக்கில் விடியாத அந்த இருட்டிலும் இந்தச் சிப்பிகள் ஓர் ஒழுங்கான தாளத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தன! காலை ஏழு மணிக்குச் சூரியன் முகத்திலடித்தும் எழுந்திருக்காத என் போன்ற பேர்வழிகள் இதைப் படித்தால் கொஞ்சம் கூசும்.

அதே கடற்கழியில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் 2008-லிருந்து நீ-ஓலெசுண்டில்தான் இருக்கிறது. 2014 ஜூலையில் அங்கே 'இண்டார்க்' என்ற கருவித் தொகுப்பை 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். அதை உருவாக்கியதில் நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. அது உப்பையும் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் அளக்கிற இயந்திரம். சிப்பி அளப்பது வேறு.

இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் மேல் போர்ஷன் சார் குறுக்கிட்டார். வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிடையரானவர். எதையும் வவுச்சர் இல்லாமல் நம்ப மாட்டார்.

"தம்பி, வானத்துல அத்தனை சாட்டிலைட் சுத்துது. கார் நம்பர் பிளேட்டையே படிச்சிடும்ங்கறாங்க. கடல்ல எண்ணெய் கொட்டியிருக்கான்னு போயும் போயும் சிப்பியையா கேக்கணும்?"

நியாயமான கேள்விதான். ரேடார் சாட்டிலைட்டுகள் இருட்டிலும் மேகத்திலும் பார்க்கும். எண்ணெய்ப் படலத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் அவை பார்ப்பது கடலின் மேல் தோலை. துருவத்தில் அந்தத் தோலின் மேல் பனிக்கட்டி என்று ஒரு கம்பளி போர்த்தியிருக்கிறதே! பனிக்கு அடியில் எண்ணெய் கசிந்தால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குளிர் ஏற ஏற அதற்கும் கீழே புதுப் பனி உறைந்து, சாண்ட்விச் மாதிரி நடுவில் மாட்டிக்கொள்ளும். பனி நகரும்போது கூடவே நகரும். வசந்தத்தில் பனி உருகும்போது சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்தில் வெளியே வரும். தண்ணீரில் கரைந்துபோன பகுதியோ எந்தச் சாட்டிலைட்டுக்கும் தெரியாது. ஒரு படகை எடுத்துப் போய்த் தண்ணீர் மாதிரி எடுக்கலாமென்றால், வருஷத்தில் பாதி நாள் அங்கே மனுஷன் போக முடியாது. போய் எடுத்தாலும் அது அந்த ஒரு நிமிஷத்துத் தண்ணீர். நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று அது சொல்லாது.

"சர்ப்ரைஸ் செக் மாதிரி" என்றார் சார், சற்றே இறங்கி வந்து. "அன்னிக்கு மட்டும் கேஷ் சரியா இருக்கும்."

"அதேதான் சார். சிப்பி அங்கேயே உட்கார்ந்திருக்கிற ஆள்."

நானும் பி.காம். படித்தவன், எனவே எங்களுக்குள் சம்பாஷணை அதன்பிறகு சுலபமாகிவிட்டது. எண்ணெய் விஷயத்தில் சிப்பி இரண்டு விதமான தணிக்கை செய்கிறது. ஒன்று வருடாந்தர ஆடிட். மற்றது கன்கரண்ட் ஆடிட்.

வருடாந்தர ஆடிட் பழைய முறை. எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்கக் கடல் வேதியியல் நிபுணர் 1975-ல் 'மஸ்ஸல் வாட்ச்' என்று ஒரு யோசனை சொன்னார். கடலோரமெங்கும் சிப்பிகளைச் சேகரித்து, சதையை ஆராய்ந்தால் எந்தக் கடலில் என்ன விஷம் என்று தெரிந்துவிடும் என்றார். அமெரிக்க அரசாங்கம் 1986-ல் அதே பெயரில் ஒரு நிரந்தரத் திட்டமே ஆரம்பித்தது. காரணம் எளிது. ஒரு நீலச் சிப்பி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை உடம்புக்குள் இழுத்து, வடிகட்டி, தின்றது போக மீதியை வெளியே விடுகிறது. நாளொன்றுக்குச் சுமாராக இரண்டு குடம். தண்ணீரில் எண்ணெயின் கூறுகள் இருந்தால் அதுவும் உள்ளே போகிறது. கச்சா எண்ணெயில் 'பி.ஏ.எச்.' என்று ஒரு கோஷ்டி உண்டு. டிகிரிப் பெயர் மாதிரி இருந்தாலும் பொல்லாத விஷம். மீனுக்கு ஈரல் இருக்கிறது; இதையெல்லாம் ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். அதனால் மீனின் சதை சுத்தமாக இருப்பதைப் பார்த்துக் கடலும் சுத்தம் என்று சர்டிபிகேட் கொடுக்க முடியாது. சிப்பிக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி. வந்ததையெல்லாம் உடம்பிலேயே வரவு வைத்துக்கொள்ளும். மீன் கரண்ட் அக்கவுண்ட் என்றால் சிப்பி ரெக்கரிங் டெபாசிட்!

கன்கரண்ட் ஆடிட் என்பது எலெக்ட்ரோடு முறை. சிப்பியைக் கொல்ல வேண்டாம். அது வாயை எப்படித் திறந்து மூடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். ஆராய்ச்சிக்கூடத் தொட்டிகளில் கச்சா எண்ணெயைக் கொஞ்சமாகக் கலந்து பார்த்திருக்கிறார்கள். சிப்பியின் திறப்பு குறைகிறது. இதயத் துடிப்பே மாறுகிறது. (சிப்பிக்கு இதயம் உண்டு. சில பேரைப் பார்த்தால் சிப்பியே தேவலை.)

இந்த ஆடிட்டெல்லாம் ஏன் துருவத்தில் உயிர் போகிற அவசரம் என்று புரிய 1989-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

1989 ஜனவரி 28. அன்டார்க்டிகாவில் அமெரிக்காவின் பால்மர் நிலையத்துக்குப் பக்கத்தில், அர்ஜென்டினாவின் கடற்படைச் சரக்குக் கப்பல் ஒன்று பாறையில் ஏறியது. சுற்றுலாப் பயணிகளும் அதில் இருந்தார்கள். கப்பலின் பெயர் 'பாஹியா பராயீசோ'. சொர்க்க விரிகுடா என்று அர்த்தம். ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். கப்பல் சாய்ந்து, சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருள், பெரும்பாலும் டீசல், கடலில் கலந்தது. அங்கே கரைப் பாறைகளில் லிம்பெட் என்று ஒரு பிராணி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை ஓடு, குல்லாய் வடிவம். டீசல் வந்ததும் அவை ஏராளமாகச் செத்தன. பிழைத்தவற்றின் உடம்பில் டீசலின் கூறுகள் இருந்தன. எண்ணெய் எங்கே வரைக்கும் போயிற்று என்பதற்கு அந்தக் குல்லாய்ப் பிராணிகளும் சாட்சி.

இந்தச் செய்தி அதிக நாள் நிற்கவில்லை. சரியாக 55 நாள் கழித்து, மார்ச் 24-ல், அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' தரை தட்டி, சுமார் 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. சுமார் 2,100 கிலோமீட்டர் கடற்கரை பாழ். உலகத்து காமிராக்கள் எல்லாம் அங்கே திரும்பிவிட்டன.

அலாஸ்காவில் வெந்நீரைப் பீய்ச்சியடித்துப் பாறைகளைக் கழுவினார்கள். கண்ணுக்குக் கரை சுத்தமாகிவிட்டது. ஆனால் சிப்பிகள் அடர்த்தியாக ஒட்டிக்கிடக்கும் படுகைகளுக்கு அடியில், காற்றும் அலையும் எட்டாத இடத்தில், எண்ணெய் வருஷக்கணக்கில் அப்படியே தங்கிவிட்டது. மேலே இருந்த சிப்பிகளின் சதையில் அது தெரிந்தது. கடல் நீர்நாய் என்று ஒரு பிராணி. சிப்பியும் மட்டியும்தான் அதற்குச் சாப்பாடு. அந்த வட்டாரத்தில் நீர்நாய்களின் எண்ணிக்கை பழைய நிலைமைக்கு வந்துவிட்டது என்று அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் சொல்ல 2014 ஆயிற்று. 25 வருஷம்! ஒரு ராத்திரிச் செலவுக்கு வெள்ளி விழா வரை தவணை.

ஜனவரி 28 என்ற தேதி எனக்கு மறக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2017-ல் அதே தேதி விடிகாலையில்தான் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. தார் மாதிரி எண்ணெய் கரையில் வந்து ஒதுங்கியது. அடுத்த வாரம் ஒருநாள் நானும் நண்பர்களோடு போயிருந்தேன். பாறைகளின் மேல் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தோம். கையில் ஒட்டியது தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் போகவில்லை. எத்தனை டன் என்பதில் முதல் நாள் சொல்லப்பட்ட கணக்கு ஒன்று, பின்னால் அள்ளிய கணக்கு ஒன்று.

அங்கே ஒரு வயசான மீனவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் கறுப்பாகிப்போன பாறையைக் காலால் சுட்டிக் காட்டினார்.

"மீனு ஓடிப்போய்டும் தம்பி. படகுகூட வேற பக்கம் போய்டும். பாறையில ஒட்டிக்கிட்டிருக்கிறது எங்க போவும்?"

கோல்ட்பர்க்கின் யோசனையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. ஓட முடியாததுதான் நம்பத் தகுந்த சாட்சி. அது வேறெங்கும் போய் அழுக்காகி வந்திருக்க வழியில்லை. அதன் உடம்பில் இருப்பது அந்த இடத்துக் கணக்கு. சாட்சிக்கு அதனால் லாபம் எதுவும் கிடையாது என்பதுதான் கஷ்டம்.

எண்ணூரில் வாளியாவது இருந்தது, ஆயிரம் கைகள் இருந்தன, வெயில் இருந்தது. வெதுவெதுப்பான கடலில் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். துருவக் கடலில் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை, இரண்டு டிகிரி. எல்லாமே மெதுவாக நடக்கும். எண்ணெய் அழிவதும் மெதுவாக. அங்கேயுள்ள பிராணிகள் சாவதும் மெதுவாக!

இதில்தான் ஒரு சிக்கல். அன்டார்க்டிகாவில் ஸ்டெரெகினஸ் என்று ஒரு கடல் முள்ளெலி இருக்கிறது. வெதுவெதுப்பான கடலில் வாழும் அதன் உறவினர்களின் முட்டை, நீந்தித் திரியும் குஞ்சாவதற்கு இரண்டு மூன்று நாள் போதும். இதற்கு மூன்று வாரம். ஆய்வுக்கூடங்களில் வழக்கமான விஷப் பரிசோதனை 2 நாள், மிஞ்சினால் 4 நாள். அதே அவசரத்தில் துருவப் பிராணியைச் சோதித்தால், 'ஒன்றும் ஆகவில்லை, பத்திரம்' என்று ரிசல்ட் வரும். ஐந்தாம் நாள் பேப்பரைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிராணி பதினைந்தாம் நாள் சாகும். பில் வருவதற்கு முன்னால் கணக்கை முடித்து லாபம் காட்டுகிற கம்பெனிகள் மாதிரி! எனவே ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் கேஸி நிலையத்துப் பக்கம் டீசலும் லூப்ரிகேட்டிங் எண்ணெயும் கலந்த மண்ணைத் தட்டுகளில் நிரப்பிக் கடலடியில் வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள், யார் குடிவருகிறார்கள், யார் வரவில்லை என்று.

ஆமாம், அதுவும் ஒரு முறை. தெருவில் யார் காலி பண்ணிக்கொண்டு போகிறார்கள், யார் புதிதாக வருகிறார்கள் என்று பார்த்தாலே தெரு எப்படி என்று தெரிந்துவிடுமல்லவா? அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்துக்கு எதிரேயுள்ள வின்டர் குவார்ட்டர்ஸ் விரிகுடாவின் அடிமண்ணில் பல வருஷத்து எண்ணெயும் குப்பையும் சேர்ந்திருக்கின்றன. சுத்தமான கடலில் ஜே ஜே என்று இருக்கும் பல ரகப் பிராணிகள் அங்கே அருகிவிட்டன. எதையும் சகித்துக்கொள்ளும் சில ஜாதிப் புழுக்கள் மட்டும் கொழித்தன. அழுக்கில் செழிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

மேல் போர்ஷன் சார் விடவில்லை. "சரி தம்பி, சிப்பி வாயை மூடுது. எண்ணெயாலதான் மூடிச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? பக்கத்துல நண்டு வந்திருக்கலாம். தண்ணி சூடாயிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டர்தான். இதற்குப் பதில், எந்தக் கணக்குப் பிள்ளைக்கும் தெரிந்த பதில்தான்: ஆரம்ப இருப்பு. முதல் நாள் கல்லாவில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எவ்வளவு களவு போயிற்று என்று சொல்ல முடியாது. விபரீதம் எதுவும் நடக்காத சாதாரண நாட்களில் சிப்பி எப்படி இருக்கிறது என்று வருஷக்கணக்கில் பதிந்து வைத்திருந்தால்தான், விபரீத நாளை அடையாளம் காண முடியும். அந்த இருட்டுத் தாளத்தை உட்கார்ந்து பதிவு செய்ததன் அருமை அதுதான். ஒன்றும் நடக்காத நாட்களைப் பதிவு செய்ய யாரும் சுலபத்தில் பணம் தர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆரம்ப இருப்பே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வால்பார்டில் நீலச் சிப்பிகள் வைகிங் காலத்தில் இருந்தன. பிறகு குளிர் அதிகமாகி, சுமார் ஆயிரம் வருஷம் அங்கே அவை இல்லை. 2004-ல் திரும்பவும் கண்டுபிடித்தார்கள். கடல் சூடாகிவிட்டதால் திரும்பி வந்துவிட்டன. எண்ணெயைப் பற்றிச் சாட்சி சொல்ல நாம் தேடிப்போகிற சிப்பி, அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாலேயே இன்னொரு வழக்கிலும் சாட்சி சொல்கிறது. கடல் சூடானால் பனி விலகும். பனி விலகினால் கப்பல்கள் வரும். கப்பல்கள் வந்தால் எண்ணெயும் வரும்.

சும்மா இருக்கிறார்கள் என்றும் சொல்லக்கூடாது. அடர்த்தியான கனரக எண்ணெயைக் கப்பல்கள் அன்டார்க்டிக் கடலுக்குக் கொண்டுவரக்கூடாது என்று 2011 ஆகஸ்டிலிருந்து தடை. ஆர்க்டிக்குக்கு 2024 ஜூலை 1-ல்தான் வந்தது. அதிலும் 2029 வரை சிலருக்குச் சலுகை. நடுவில், 2020 மே 29-ல், ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் ஒரு தொட்டி உடைந்து சுமார் 21 ஆயிரம் டன் டீசல் ஓடியது. ஆறு சிவப்பாக மாறியது விண்வெளியிலிருந்தே தெரிந்தது. அந்த மாதிரிப் பெரிய அட்டகாசத்துக்குச் சிப்பி தேவையில்லை. கண் இருந்தால் போதும். சிப்பி தேவைப்படுவது சொட்டுச் சொட்டாகக் கசிவதற்கு. குழாய் மூட்டில் ஒழுகுவது, ராத்திரியில் கப்பலின் அடித்தட்டுக் கழிவை நைசாகக் கடலில் விடுவது, 'கொஞ்சம்தானே' என்று எல்லோரும் விட்டுவிடுவது. கல்லாவில் கன்னம் வைத்தால் போலீஸ் வரும். தினம் பத்து ரூபாய் எடுக்கிறவனை ஆடிட்டர்தான் பிடிக்க வேண்டும்.

வார்சாவில் சிப்பிகள் மூடிக்கொண்டால் எச்சரிக்கை கிடைக்கும், ஊருக்கு வருகிற தண்ணீரைத் தடுத்துவிடலாம். துருவத்தில் சிப்பி மூடிக்கொண்டால் எதைத் தடுப்பது? கடலுக்கு மெயின் வால்வு கிடையாது. உதவிக்குக் கப்பல் வந்து சேரவே பல நாள். பனிக்கு அடியில் போன எண்ணெயை முழுக்க எடுக்க இதுவரை வழி கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி இல்லாத ஊரில் அலாரம் எதற்கு?

சாரிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணேன் தம்பி. போன பணத்தை நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கொண்டாந்ததில்ல. ஆனா நான் போய்ட்டு வந்த பிராஞ்சுல 'ஒண்ணும் நடக்கலை'ன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் சம்பளம்."

பிறகு படியேறப் போனவர் பாதியில் நின்று, "அந்த எட்டுப் பேர் மூணு மாசத்துல ரிடையர் ஆகறாங்கன்னீங்களே... அவங்க ரிப்போர்ட்டையாவது உடனே படிக்கறாங்களா?" என்றார்.

"படிக்கறாங்க சார்."

"கொடுத்து வெச்சவங்க" என்று மேலே போய்விட்டார்.